ஈரலைக் காப்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உடல்நலம் பற்றிப் பேசும்படி சங்கத்தார் என்னைப் பணித்தனர். ஈரற் புற்றுநோயைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் எட்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். இதிற் பெரும்பகுதி வருமுன் தடுக்கக்கூடியது என்பதே நாம் அறிய வேண்டிய முதற் செய்தி.

ஈரல் பொறுமை மிக்க உறுப்பு. பெரும்பகுதி கெட்ட பின்னரும் முறையிடாது. வயிறு வீங்கி, உடல் மெலிந்து, வலி தோன்றும் வேளையில் நோய் பெரும்பாலும் முற்றிவிட்டிருக்கும். ஆதலால் நோவு வரட்டும் பார்ப்போம் என்று காத்திருத்தல் இங்கே ஆகாது.

இந்நோயின் மூலத்தை அறிஞர் கண்ட கதை சுவையானது. அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளும்பர்க் பல நாட்டு மக்களின் இரத்தத்தை ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவுஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் அவர் கண்ட புதுப் பொருளொன்று 1965இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. பின்னர் அது செங்கமாரியை உண்டாக்கும் ‘பி’ வைரசின் பகுதியெனத் தெளிவாயிற்று. இதற்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வைரசுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவைத் தைவான் காட்டியது. 22,707 அரசாங்க ஊழியரை ஆண்டுக்கணக்காகக் கவனித்து 1981இல் முடிவை வெளியிட்டனர். வைரசை உடலிற் காவுவோருக்கு ஈரற் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 223 மடங்கு! 1984இல் அந்நாடு பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பிள்ளைகளிடையே இந்நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒரு புற்றுநோயை ஊசியாலே தடுக்கலாம் என்று உலகம் கண்டது அப்போதுதான்.

செங்கமாரி என்றதும் நம்மவர் கீழ்க்காய்நெல்லியை நாடுவர். அதையும் விஞ்ஞானம் புறக்கணிக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், அதே புளும்பர்க்குடன் கூடி, வைரசைக் காவுவோருக்கு அம்மூலிகையைக் கொடுத்துப் பார்த்தனர். 1988இல் வெளியான அறிக்கைப்படி மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் அடையாளம் மறைந்தது. வெறும் தூளுண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. தமிழர் நெஞ்சு நிமிர்ந்த செய்தி! ஆயினும் தாய்லாந்து முதலிய இடங்களில் மீண்டும் சோதித்தபோது அப்பலன் கிட்டவில்லை. மூலிகையைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. ஒரு முறை கண்டதைப் பல முறை சோதித்தே நம்ப வேண்டும் என்பது ஆராய்ச்சியின் அறம். மூலிகையை நம்பி இரத்தப் பரிசோதனையைக் கைவிடுதல் ஆபத்து.

இவ்வைரஸ் ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, கை கொடுப்பதாலோ தொற்றாது. இரத்தம், உடலுறவு, பிரசவம் என்பனவே அதன் வழிகள். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளிடம் அது நிலைத்துவிடும். வளர்ந்தோரிடம் நிலைப்பது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆதலால் முதலிற் காக்கப்பட வேண்டியது தொட்டிற் குழந்தை. இலங்கையில் 2003 முதல் படிப்படியாக இத்தடுப்பூசி குழந்தைகளுக்கு வழங்கப்படுகிறது. அதற்கு முன் பிறந்தோர் பலர் அதைப் பெறவில்லை. முகச்சவரக் கத்தியைப் பலர் பாவிப்பதும், பச்சை குத்தும் ஊசியைச் சுத்தம் செய்யாது பாவிப்பதும் தவிர்க்கத்தக்கன.

வாலிபர்களே, இரத்ததானம் செய்யச் சென்ற ஒருவனுக்கு ‘பி’ வைரஸ் உண்டென்று தெரியவந்தால் ஊர் என்ன சொல்லும்? கலியாணப் பேச்சு முறியும், பந்தியில் ஒதுக்குவர் என்று அஞ்சி அவன் கடிதத்தைக் கிழித்தெறிவான். பின் இருபது ஆண்டுகள் கழித்து நோய் முற்றிய நிலையில் வைத்தியசாலைக்கு வருவான். அவனைக் கொல்வது வைரஸ் மட்டுமா? நமது ஏளனமும் அல்லவா? மருந்தால் அவ்வைரசை அடக்கலாம். தேவையானோருக்கு ஆறு மாதத்துக்கொரு முறை ‘ஸ்கான்’ செய்தால் கட்டியைச் சிறிதாயிருக்கும்போதே காணலாம். மணப்பெண்ணுக்குத் தடுப்பூசி போட்டபின் மணவாழ்வுக்கும் தடையில்லை.

நமது நாட்டிலோ இன்னொரு விசேடம் உண்டு. இங்கே ஈரற் புற்றுநோய் கண்டவர்களிற் பெரும்பாலாரிடம் வைரஸ் இல்லை. மதுவும், நீரிழிவும், உடற் பருமனும், ஈரலிற் கொழுப்புச் சேர்தலுமே அங்கே நிற்கின்றன. றாகமையில் நடத்திய ஆய்வொன்று, நடுவயதினரில் மூன்றிலொரு பங்கினருக்கு ஈரலிற் கொழுப்பு உண்டென 2009இல் அறிவித்தது. கள்ளும் கசிப்பும் தொடாதவரும் தப்பினோம் என்று இருந்துவிட முடியாது.

தாய்மாருக்கு ஒரு சொல். பூஞ்சணம் பிடித்த கச்சானிலும் சோளத்திலும் செத்தல் மிளகாயிலும் ‘அஃப்ளாடொக்சின்’ எனும் நஞ்சு உண்டாகிறது. 1960இல் இங்கிலாந்தில் இலட்சம் வான்கோழிகள் மடிந்தபின் அது கண்டுபிடிக்கப்பட்டது. 1974இல் இராசத்தானிலும் குசராத்திலும் பூஞ்சணச் சோளமுண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சமைத்தாலும் அந்நஞ்சு முற்றாக அழியாது. தாராபுரம் போன்ற கரையோர ஊர்களின் ஈரக் காற்றில் இவற்றை நன்கு உலர்த்தி, மூடி வைத்தல் வேண்டும். கறுத்ததையும் கசந்ததையும் சிக்கனம் பாராது எறிந்துவிடுங்கள்.

சங்கத்து இளைஞர்க்கு என் வேண்டுகோள் மூன்று. இரத்தப் பரிசோதனைக்கு நீங்கள் முதலிற் செல்லுங்கள். தடுப்பூசி பெறாதவர் வைத்தியரைக் கேட்டுப் பெறுங்கள். வைரஸ் உண்டென அறிந்தவனைப் பக்கத்தில் இருத்தி உண்ணுங்கள். இம்மூன்றையும் செய்யும் ஊரிலே ஈரல் நோயை ஒளிக்க வேண்டிய மனிதன் இருக்கமாட்டான்.