நம்பிக்கைக்கு ரசீது கேட்போம்

(தாராவியில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அடுப்பு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! இரவு ஷிப்டு முடிந்து தூங்காமல் வந்திருக்கும் தோழர்களே!

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு உணவுக் கலப்படம். மிளகில் பப்பாளி விதையைக் கண்டுபிடிப்பது எப்படி, மிளகாய்த் தூளில் செங்கல் தூளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது வேறு. கலப்படம் என்று ஒரு செய்தி வெடிக்கிறது. பத்து நாள் நாடே அதைப் பற்றிப் பேசுகிறது. பதினோராம் நாள் ஓய்ந்து போகிறது. அந்தப் பத்து நாளில் இழந்தவர் யார், லாபம் பார்த்தவர் யார்? இந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை. நான் ரயில்வேயில் குமாஸ்தா. வரவு செலவு எழுதியே பிழைக்கிறவன். ஆகவே அந்தக் கணக்கை இங்கே கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன்.

முதல் கணக்கு, நமக்குப் பக்கத்திலே உள்ள குர்லா ஸ்டேஷன். 2019 மார்ச் மாதம், பிளாட்பாரத்துக் கடை ஒன்றில் எலுமிச்சை ஜூஸ் தயாரிக்கும் முறையை மேலேயிருந்து யாரோ படம் பிடித்தார்கள். பார்த்தவர்களுக்குக் குமட்டியது. மத்திய ரயில்வே அந்தக் கடையை மூடியது. அத்தோடு நிற்கவில்லை. தன் ஸ்டேஷன்கள் அனைத்திலும் எலுமிச்சை ஜூஸ், காலா கட்டா போன்ற திறந்த பானங்களை விற்கவே தடை போட்டது. ஒரு கடையின் அசுத்தத்துக்கு எல்லாக் கடைக்கும் தண்டனை. சரி, பயணியின் உடல்நலம் பெரிது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மே மாத வெயிலில் கல்யாண் வண்டியிலிருந்து பிதுங்கி இறங்குகிற கூலித் தொழிலாளி அப்புறம் எதைக் குடிப்பான்? பாட்டிலில் அடைத்ததை வாங்கிக் குடிப்பான். விலை கூட. வாங்க முடியாதவன் எச்சிலை விழுங்கிக்கொண்டு போவான். எல்லாக் கடைகளையும் மாதம் ஒருமுறை சோதித்து, நல்ல கடைக்கு நல்ல கடை என்று எழுதி ஒட்டியிருக்கலாமே! தடை போடுவது ஒரு நாள் வேலை. சோதனை செய்வது தினசரி வேலை. எளிதானது எதுவோ அது நடந்தது.

இரண்டாவது கணக்கு நம் வீட்டுக் கணக்கு. அதே 2019 ஜூன் தொடக்கத்தில் இன்னொரு வீடியோ. போரிவலி ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் இட்லிக்காரர் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார் என்று ஊரெல்லாம் பரவியது. மாநில உணவு மருந்து நிர்வாகம் விசாரணையில் இறங்கியது. அப்படி ஒருவர் செய்தால் அது குற்றம். தமிழன் என்பதற்காகவோ, ஏழை என்பதற்காகவோ அதற்குப் பரிந்து பேச இந்தச் சங்கம் இல்லை. பிறர் பிள்ளை வயிற்றில் கழிப்பறைத் தண்ணீரை ஊற்றுகிறவனுக்கு நாம் குடை பிடிக்க மாட்டோம்.

ஆனால் இட்லி யாருடைய தொழில்? 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் விடிவதற்கு முன்பே எழுந்து மாவு ஊற்றுகிறவர்கள் யார்? சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ஹார்ன் அடித்துக்கொண்டு மாதுங்கா, சயான், செம்பூர் என்று தெருத்தெருவாகப் போகிறவர்கள் யார்? திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த நம் அண்ணன் தம்பிகள். உளுந்து ஊறப்போட்டு அரைத்துக் கொடுப்பவர்கள் நம் அக்கா தங்கைகள். ஓர் ஆள் மீது வருகிற சந்தேகம் ஒரு பெரிய கம்பெனியின் மேல் விழுந்தால், அந்தக் கம்பெனி வக்கீல் வைக்கும், விளம்பரம் கொடுக்கும். சைக்கிள்காரருக்கு வக்கீல் யார்? அவர் பாத்திரத்தைத் திறந்தால் வாடிக்கைக்காரர் முகத்தைச் சுளிக்கிறார். அவ்வளவுதான், அன்றைய மாவு வீண்.

ஆகவே தோழர்களே, இந்த விஷயத்தில் நமக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. நாம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். நாமே சமைத்து விற்கிறவர்களும்கூட. இரண்டு பக்கத்திலும் அடிபடுகிறவர்கள் நாம்தான்.

மூன்றாவது, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த கதை, மேகி நூடுல்ஸ். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த ஒரு மாதிரியில் ஈயம் 17.2 பி.பி.எம். என்று கொல்கத்தாச் சோதனைச்சாலை சொன்னது. அனுமதித்த அளவு 2.5. 2015 ஜூன் 5 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் அதன் 9 வகைகளையும் நிறுத்தச் சொன்னது. கம்பெனி நம் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ஆகஸ்ட் 13ல் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. கம்பெனியின் வாதத்தைச் சரியாகக் கேட்கவில்லை, சோதனை செய்த இடங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்று சொல்லி, வேறு 3 சோதனைச்சாலைகளில் மறுபடி பார்க்கச் சொன்னது. அங்கே ஈயம் அளவுக்குள் இருந்தது. நவம்பரில் சரக்கு கடைக்குத் திரும்பியது.

இதில் கம்பெனி சரியா, அதிகாரி சரியா என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. நான் கேட்பது ஒரு தாயின் கேள்வி. மேகி நிறுத்தப்பட்ட அந்த ஐந்து மாதம் பிள்ளையின் டிபன் டப்பாவில் சேமியா போட்டாள், உப்புமா கிண்டினாள், அவசரத்துக்கு பாவ் வாங்கிக் கொடுத்தாள். நல்லதுதான். ஆனால் காலை 6 மணிக்கு நான்கு வீட்டு வேலைக்கு ஓடுகிறவளுக்கு அந்த அரைமணி நேரத்தை யார் கொடுத்தார்கள்? பிறகு ஒரு நாள் சரக்கு திரும்பி வந்தது. ஒரு சோதனைச்சாலை நஞ்சு என்றது; மூன்று சோதனைச்சாலைகள் நஞ்சில்லை என்றன. ஏன் இந்த வித்தியாசம் என்று அவளுக்குப் புரிகிற மொழியில் யாராவது வந்து விளக்கினார்களா? இல்லை. விளம்பரம்தான் வந்தது. போன நம்பிக்கையை விளக்கம் கொடுத்துத் திருப்பவில்லை. பாட்டுப் பாடித் திருப்பினார்கள்.

அதே 2015 ஜூனில், மேகி சர்ச்சை தலைப்புச் செய்தியாக இருந்த அதே மாதத்தில், மாலாட் மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 100 பேருக்கு மேல் செத்தார்கள். அன்றாடம் உழைத்துச் சாப்பிட்ட ஏழைகள். குடித்தது அவர்கள் தப்பு என்று ஊர் எளிதாகச் சொல்லிவிட்டுப் போனது. குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பது வேறு பேச்சு. நஞ்சை விற்றவனைத் தடுக்க வேண்டிய சோதனை யாருடைய பொறுப்பு என்பது வேறு பேச்சு. பலியானவனையே குற்றவாளியாக்கினால் அந்தக் கேள்வி மறைந்து போகும்.

இப்போது சிலர் சொல்வார்கள்: "அதனால்தான் அண்ணே, லூசில் வாங்கக் கூடாது. பாக்கெட்டில் வாங்கு, சீல் பார்த்து வாங்கு." இந்தப் புத்திமதி எப்படிப் பரவியது? 1998 ஆகஸ்டில் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மத்தண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. நம் ஊரில் தரிசு நிலத்தில் மஞ்சள் பூப்பூத்து முள்ளோடு நிற்குமே, அதே செடி. கால் வீங்கி, மூச்சுத் திணறி 60 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தார்கள். அதன் பிறகு அங்கே எண்ணெயைத் திறந்து அளந்து விற்கக் கூடாது என்று தடை வந்தது. காரணம் நியாயமானது. ஆனால் விளைவு என்ன? 50 கிராம், 100 கிராம் என்று அன்றன்றைக்கு வாங்கியவர்கள் பாக்கெட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியதாயிற்று. மரச்செக்கு வைத்திருந்த சிறு வியாபாரி ஒதுங்கினார். பெரிய கம்பெனிக்கு வழி திறந்தது.

சரி, பாக்கெட்டை நம்பலாமா? இந்த மும்பையிலே பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து, பாலை உறிஞ்சி எடுத்து, தண்ணீரை ஏற்றி, மெழுகுவர்த்திச் சுடரில் ஒட்டி விற்ற கும்பல்களைப் போலீஸ் எத்தனையோ தடவை பிடித்திருக்கிறது. இது கலப்படம். கலப்படமே இல்லாமல் வருகிற நஞ்சும் உண்டு. 2018ல் ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கலப்படம் என்று கண்டது 12 மட்டுமே. மகிழ்ச்சி. ஆனால் மாட்டுத் தீவனத்தில் பிடிக்கிற பூஞ்சையிலிருந்து பாலில் இறங்குகிற அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, 368 மாதிரிகளில் அளவுக்கு மேல் இருந்தது. அவற்றில் 88 நம் தமிழ்நாட்டில் எடுத்தவை. கறந்த பாலைவிடப் பதப்படுத்தி அடைத்த பாலில்தான் இது அதிகம் என்றும் ஆணையமே சொன்னது.

தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிருமியை நீங்கள் கொதிக்க வைத்துக் கொல்லலாம். ஆனால் இந்தப் பூஞ்சை நஞ்சு காய்ச்சினால் போகாது. ஈயம் வெந்தாலும் ஈயம்தான். பிரம்மத்தண்டு எண்ணெயைத் தாளித்தாலும் நஞ்சு நஞ்சுதான். மூன்று தடவை கழுவுகிறாள், முகர்ந்து பார்க்கிறாள், நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். இத்தனை செய்தும் அவளால் கண்டுபிடிக்க முடியாத நஞ்சு இருக்கிறது. அப்படியிருக்க, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் "என்னத்தைக் கொடுத்தே?" என்று முதலில் அவளைத்தானே கேட்கிறோம்? அடுப்படியில் தீராத விஷயத்துக்கு அடுப்படியில் நிற்பவளைக் குற்றவாளியாக்குவது அநியாயம். இது சோதனைச்சாலையில் தீர வேண்டியது. சோதனைச்சாலை அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. அரசாங்கத்தைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

கேட்க நமக்குச் சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் போய், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 40ஆம் பிரிவு சொல்வது: பொருள் வாங்குகிற எவரும், அதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி அரசாங்கப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ளலாம். பொருள் மோசம் என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். மேல் நடவடிக்கைக்கு அறிக்கை அதிகாரிக்கும் போகும். 65ஆம் பிரிவு நஷ்டஈடு பற்றியது. கெட்ட உணவால் உயிர் போனால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை. மாநில உணவு மருந்து நிர்வாகத்தின் தலைமை அலுவலகம் எங்கே? மித்தி ஆற்றுக்கு அந்தக் கரையில், பாந்திரா-குர்லா வளாகத்தில். நம் கூரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். ஆனால் இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு நம்மில் எத்தனை பேர் அந்தப் படியை மிதித்திருக்கிறோம்?

தனியாக ஒரு குடும்பம் போக முடியாது, உண்மை. கட்டணம் இருக்கிறது, அரைநாள் கூலி போகிறது, மராத்தியில் மனு எழுத வேண்டும். அதற்குத்தான் சங்கம். ஆகவே நான்கு வேலைகளை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று: ரசீது. எண்ணெய், பால், மாவு எது வாங்கினாலும், எந்த அண்ணாச்சி கடையானாலும், துண்டுச் சீட்டில் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். பாக்கெட்டு உறையை அன்றைக்கே எறியாதீர்கள். அதில் தொகுதி எண் இருக்கிறது. உடம்புக்கு வந்தால் டாக்டர் சீட்டும், மீந்த பொருளும் கையில் இருக்கட்டும். ரசீது இல்லாத புகார், டிக்கெட் இல்லாத பயணம். பாதி வழியில் இறக்கிவிட்டு விடுவார்கள்.

இரண்டு: சங்கத்தில் ஒரு சோதனை நிதி. மாதம் ஒரு பொருளை, நம் தெருக்களில் அதிகம் விற்பதை, 40ஆம் பிரிவின்படி சோதனைக்குக் கொடுப்போம். நல்லது என்று வந்தாலும், கெட்டது என்று வந்தாலும் அறிக்கையை இந்தப் பத்திரிகையில் அப்படியே போடுவோம். பொறுப்பைத் தாய்மார்கள் குழு ஏற்க வேண்டும்.

மூன்று: இட்லி, முறுக்கு, வடை போடும் நம் குடும்பங்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறு வியாபாரிகளுக்கு 2011 விதிகள் வைத்த பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். மனு எழுத நான் இருக்கிறேன். மூடி போட்ட பாத்திரம், சுத்தமான தண்ணீர், கழுவிய கை, இதில் சமரசம் கிடையாது. நம் கையால் செய்ததை நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கினால், அதைப் பிறர் பிள்ளைக்கு விற்கக் கூடாது.

நான்கு: தண்ணீர். சுத்தம் சுத்தம் என்று சொல்கிறவர்கள் குழாய் கொடுக்க வேண்டாமா? சட்டவிரோதக் குடிசை என்று சொல்லிக் குடிநீர் மறுக்க முடியாது என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் காட்டி, உணவு தயாரிக்கும் சந்துகளுக்குப் போதுமான நீர் நேரம் கேட்டு மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்குக் கையெழுத்து மனு கொடுப்போம். கழிப்பறைக் குழாயைத் தேடி ஒருவன் போவதைக் கண்டிக்க வேண்டும். நல்ல குழாய் அவன் சந்துக்கு வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தோழர்களே! பணமுள்ளவன் நம்பிக்கையை விலை கொடுத்து வாங்குகிறான். இந்தக் கடையில் சந்தேகமா, இன்னும் விலை கூடிய கடைக்குப் போகிறான். நமக்கு மாற்றிக்கொள்ள வேறு கடை இல்லை. இருக்கிற கடையைத் திருத்தித்தான் ஆக வேண்டும். அதற்கு ஆகிற செலவு ஒரு ரசீது, ஒரு மனு, மாதம் ஒரு சோதனை. இந்த நான்கையும் தீர்மானமாக நிறைவேற்றித் தரும்படி கூட்டத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.