அந்தத் தனி டம்ளர்

(“வீட்டுப் பிராணிகள்மீது காட்டும் அன்பு மனிதநேயத்தை வளர்க்கிறதா? மனிதர்களை மறக்கச் செய்கிறதா?” என்ற பட்டிமன்றத்தில் ‘வளர்க்கிறதே’ அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என்னைக் கதிகலங்க வைத்துவிட்டுப் போய் அமர்ந்திருக்கும் எதிரணிச் சகோதரி அவர்களே, ஓசூர்ப் பெருமக்களே, வீட்டில் தட்டுச் சோற்றோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

சகோதரி என்ன கேட்டார்? “மனுஷனுக்கே மாத்திரை வாங்கக் காசில்லாத நாட்டில், ஒரு பூனையைக் கார்ல வச்சு பெங்களூருக்குக் கொண்டு போறாங்களே, இதுவா மனிதநேயம்?”னு கேட்டார். நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். அவங்க சொன்னது என்னைத்தான்னு அப்புறம்தான் உறைச்சது! (சிரிப்பு)

ஆமாங்க, கொண்டு போனேன். பூனையைக் கேவலமா நினைக்காதீங்க. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பூனையைப் போல நானும் ராமகதை சொல்ல வந்தேன் என்று அவையடக்கம் பாடியவன் கம்பன். கவிச்சக்கரவர்த்தி தன்னைப் பூனைன்னு சொல்லிக்கிட்டான். எங்க வீட்டுப் பூனை தன்னைக் கவிச்சக்கரவர்த்தின்னு நினைச்சுக்கிட்டிருந்தது. (சிரிப்பு) பேரு ஜமீன்தார். நம்ம ஊர்ல பூனைன்னும் கூப்பிடுவோம், தெலுங்குல பில்லின்னும் கூப்பிடுவோம், கன்னடத்துல பெக்குன்னும் கூப்பிடுவோம். மூணு பாஷைக்கும் வரமாட்டார். மீன்காரர் சத்தத்துக்கு மட்டும் வருவார்.

ராத்திரியானா சிப்காட் பக்கம் போய்ச் சண்டை. விடியக்காலையில காதுல ஒரு கடி, கழுத்துல ஒரு கடி. போன வருஷம் திடீர்னு சாப்பாட்டை நிறுத்திட்டார். தட்டுகிட்ட வருவார், மோந்து பார்ப்பார், ஒரு வாய் வைப்பார், வலியில கத்திக்கிட்டு ஓடுவார். வாயைத் திறந்து பார்த்தா ஈறெல்லாம் ரத்தச் சிவப்பு. ஜுஜுவாடி தாண்டி, அத்திப்பள்ளி நெரிசல்ல நின்னு, பெங்களூரு போய்ச் சேர்ந்தோம். சில சொட்டு ரத்தம், பத்து நிமிஷம். டாக்டர் சொன்ன பேரு எஃப்.ஐ.வி.

எச்.ஐ.வி.க்குப் பங்காளி முறை வைரஸ். நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். பூனைக்குப் பூனை பெரும்பாலும் ஆழமான கடியில்தான் பரவும். அதனால்தான் ஊர் சுத்திச் சண்டை போடுற கடுவனுக்கு அதிகம் வருது. மனுஷனுக்கு வரவே வராது. முழுசாக் குணமாக்க மருந்து கிடையாது; ஆனா வெளியே விடாம, கருத்தடை பண்ணி, வர்ற நோயை வந்த உடனே கவனிச்சா வருஷக்கணக்கில் இருக்கும்னார் டாக்டர்.

இந்த வைரஸைக் கலிபோர்னியாவில் பெடர்சன், யமமோட்டோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது 1986-இல். அதே 1986-இல்தான் நம்ம சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்ற மாணவி ரத்த மாதிரிகளைச் சேகரித்து, ரயிலேறி வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார், இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரே வருஷம். இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. காரணம் சொல்றேன், கேளுங்க.

1996. கிருஷ்ணகிரி. அப்போது அது தருமபுரி மாவட்டம். எனக்கு 26 வயசு, எம்.ஃபில். முடிச்ச புது விரிவுரையாளர். மூணு வீடு தள்ளி லாரி ஓட்டுற ஒரு அண்ணன். நான் குடிவந்த அன்னைக்கு என் புத்தக மூட்டையையெல்லாம் தோள்ல சுமந்து மாடியேத்தினவர். சாயங்காலமானா எங்க வீட்டுத் திண்ணையில காபி. திடீர்னு இளைச்சார். தெரு அந்த வார்த்தையைச் சொல்லிருச்சு. மறுநாள் எங்கம்மா அவருக்குன்னு ஒரு டம்ளரைத் தனியா ஜன்னல்ல எடுத்து வச்சாங்க. தொட்டால் வராது, ஒரே டம்ளரில் குடித்தால் வராது என்பது எனக்குத் தெரியும். கல்லூரிக் கூட்டத்தில் மைக் பிடிச்சு நானே பேசியிருக்கேன். வீட்ல பேசல.

அவர் பார்த்துட்டார். அடுத்த நாள் வரும்போது தன் வீட்டிலிருந்து தானே ஒரு டம்ளரைக் கொண்டு வந்தார். “தம்பி, அம்மாவுக்கு எதுக்குச் சிரமம்?”னார். அதுக்கடுத்த நாளிலிருந்து வரல. 1997-இல் போயிட்டார். அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது 2004 ஏப்ரலில்.

இப்போ ஜமீன்தாருக்கு வாங்க. பக்கத்து வீட்டில் “எய்ட்ஸ் பூனை”ன்னு பேரு வச்சாச்சு. எங்கம்மாவுக்கு 82 வயசு. கழுவுற இடத்துல பூனைத் தட்டைக் கையால தொடாம, குச்சியால தள்ளி ஒதுக்கினாங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து, “அம்மா, இது நம்மள ஒண்ணும் செய்யாது, டாக்டர் சொன்னார்”னு பூனையைத் தூக்கி மடியில வச்சு விளக்கினேன். அம்மா குச்சியைக் கீழே போட்டாங்க. ரொம்ப நேரம் என்னையே பார்த்தாங்க. “அன்னைக்கு ஏண்டா இதைச் சொல்லல?”ன்னு கேட்டாங்க.

(அரங்கில் அமைதி)

முனைவர் பட்டம் வாங்கியவன் நான். பதில் இல்லீங்க.

எதிரணிச் சகோதரி அவர்களே, பூனையால் மனுஷனை மறந்தேன்னு சொன்னீங்க. நான் மறந்து போயிருந்த மனுஷனை எனக்கு யார் ஞாபகப்படுத்தினாங்க? (கைதட்டல்) அதுக்கப்புறம் கிருஷ்ணகிரிக்குப் போய் அந்த அண்ணன் வீட்டைத் தேடினேன். அண்ணி இருக்காங்க. காபி கொடுத்தாங்க. குடிச்சேன். அதுக்கு மேல அந்த விஷயத்தை மேடையில சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஜமீன்தாருக்குப் பல்லையெல்லாம் எடுத்தாச்சு. ஈறு நோவுக்கு அதுதான் வைத்தியமாம். பல்லுப் போன ஜமீன்தார் இப்போ வேகவச்ச கோழியை எலும்பெடுத்து மசிச்சுக் கொடுத்தாத்தான் சாப்பிடுவார். பச்சை இறைச்சி, பச்சை முட்டை கூடாது. எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பு. எடை ஒரு மாசம் ஏறுது, ஒரு மாசம் இறங்குது. இந்த வாரம் இறங்கியிருக்கு.

நடுவர் அவர்களே, வழக்கமா முன்வரிசையில் உட்கார்ந்து என் நகைச்சுவைக்கு முதலில் கைதட்டுகிற என் மனைவியை இன்னைக்கு நீங்க பார்க்கலை. கிளம்பும்போது “எட்டு மணிக்கு ஊசிக்குழல்ல ஊட்டணும், நீங்க போயிட்டு வாங்க”ன்னாங்க. மடியில துண்டு விரிச்சுப் பக்கத்துல உட்கார்ந்து பூனையைப் பிடிச்சுக்கிட்டிருந்தது எங்கம்மா. மணி இப்போ எட்டேகால்.