கோல் வாயில் காத்த வீராங்கனை

உதைபந்தாட்டத்திலே ஓர் அணிக்குப் பதினொருவர். அவருள் பதின்மருக்கு ஒரு சட்டம். எஞ்சிய ஒருவருக்கு வேறொரு சட்டம். பந்தைக் கையாற் பிடிக்கும் உரிமை அவ்வொருவருக்கே உண்டு. 24 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட வாயிலின் முன்னே, மற்றையோர் அணியாத நிறத்திற் சட்டையணிந்து, அவர் தனித்து நிற்பார். முன்னணி வீரர் பத்து வாய்ப்புகளை நழுவவிட்டு ஒன்றைக் கோலாக்கினால் அவரைத் தோளிலே தூக்குவர். காப்பாளரோ பத்தினைத் தடுத்து ஒன்றை விட்டுவிட்டால், விட்ட அந்த ஒன்றே அவர் பெயரில் எழுதப்படும். நேயர்களே, இந்த நேர்மையற்ற கணக்கோடு வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்தவர் அமெரிக்கப் பெண்கள் அணியின் கோல் காப்பாளராகிய பிரியானா ஸ்கரி.

மினசோட்டா மாநிலத்தில் 1971ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். கல்விக்கூடங்களில் ஆண், பெண் என்று வேற்றுமை பாராட்டலாகாது என்ற சட்டம் அந்நாட்டில் 1972இல் நிறைவேறியது. பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானத்தின் கதவைத் திறந்த சட்டம் அதுவே. எனினும் ஸ்கரி பந்தாடப் புகுந்த பொழுது சிறுமியருக்கெனத் தனி அணி இருக்கவில்லை. சிறுவர் அணியிலேயே சேர்ந்தார். ஒரே பெண்பிள்ளை என்பதாற் பயிற்றுநர் அவரைக் கோல் வாயிலில் நிறுத்தினார். அங்கே அடிபடாமற் பத்திரமாக நிற்கலாம் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணந்தான், ஆனால் கோல் வாயிலை அறிந்தவர் எண்ணக்கூடியதன்று.

மசச்சூசற்ஸ் பல்கலைக்கழகத்திற் பயின்று ஆடிய பின், 1994இல் அவர் தேசிய அணியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் ஒரு விநோதம் நிகழ்ந்தது. டென்மார்க்குக்கு எதிரான ஆட்டத்தின் இறுதியில் ஸ்கரி வெளியேற்றப்பட்டார். மாற்று வீராங்கனையரை இறக்கும் வாய்ப்பு முன்னரே தீர்ந்துவிட்டமையால், புகழ்பெற்ற முன்னணி வீராங்கனை மியா ஹாம் கையுறை அணிந்து காப்பாளராக நின்று ஆட்டத்தை முடித்தார்! 1996இல் அத்லாந்தா ஒலிம்பிக்கிற் பெண்கள் உதைபந்தாட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. அங்கே இறுதியாட்டத்திற் சீனாவை 2-1 என வென்று அமெரிக்கா தங்கம் பெற்றது.

உலகம் அவரை அறிந்த நாள் 1999 யூலை 10. கலிபோர்ணியாவின் பசடீனா நகரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். எதிரே மீண்டும் சீனா. அரங்கிலே 90,185 பேர். மேலதிக நேரமும் கடந்து, 120 நிமிடங்களின் முடிவில் இரு பக்கமும் ஒரு கோலேனும் இல்லை. ஆட்டம் தண்ட உதைகளுக்குச் சென்றது. பந்து வைக்கும் புள்ளி கோல் கோட்டிலிருந்து 12 யார் மாத்திரமே. உதைப்பவருக்கே எல்லா வாய்ப்பும். சீனாவின் முதலிரு உதைகளும் கோலாயின. மூன்றாவதை உதைக்க வந்தவர் லியு யிங். உதைப்பவரை நோக்காமலிருப்பதே ஸ்கரியின் வழக்கம். அன்று அவரை நோக்கினார். நடையின் சோர்வைக் கண்டார். இதனைத் தடுக்கலாம் என்ற துணிவு பிறந்தது. இடப்புறமாகப் பாய்ந்து கையாலே தட்டிவிட்டார். அமெரிக்க வீராங்கனையர் ஐவரும் தவறாது உதைத்தமையால் 5-4 என்ற கணக்கிற் கிண்ணம் கிடைத்தது. மறுநாட் பத்திரிகைகள் இறுதி உதையை அடித்த பிரண்டி சஸ்தெயினின் படத்தையே பெரிதாக அச்சிட்டன. தடுத்த கைகளுக்கு அத்துணை இடம் கிட்டவில்லை.

பந்து உதைபடுமுன்னரே ஸ்கரி கோட்டை விட்டு முன்னே வந்தார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. வந்தது உண்மை; சட்டப்படி தவறு என்பதும் உண்மை. ஆயினும் நடுவர் கண்டிக்கவில்லை. அக்காலக் காப்பாளர் பலரும் செய்து வந்த செயலே அது. உதைக்கும் வேளையில் ஒரு பாதமேனும் கோட்டில் இருத்தல் போதும் என்று 2019இல் விதி திருத்தப்பட்டது.

சிட்னி ஒலிம்பிக்கில் இடமிழந்து ஓரமாக அமர்ந்தார். 2004இல் ஏதென்சில் மீண்டும் தங்கம் வென்றார். பின்னர் வந்தது 2007. உலகக் கிண்ண அரையிறுதியிற் பிறேசிலை எதிர்க்க, நன்கு ஆடிவந்த ஹோப் சோலோவை நிறுத்திவிட்டுப் பயிற்றுநர் ஸ்கரியை இறக்கினார். 4-0 எனத் தோல்வி. முதற்கோல் அமெரிக்க வீராங்கனை ஒருவராலேயே தம் வாயிலுள் விழுந்தது. மற்றொருவர் முதற்பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். இவையெல்லாம் பின்னர்ப் பேசப்படவில்லை. காப்பாளரை மாற்றியதே பேச்சாயிற்று.

2010 ஏப்ரிலில், கழக ஆட்டமொன்றிற் பந்தைக் குனிந்து எடுக்கையில், எதிரணி வீராங்கனையின் முழங்கால் அவர் தலையின் பக்கத்திலே மோதியது. குருதி சிந்தவில்லை, எலும்பு முறியவில்லை. மண்டையோட்டினுள் மூளை குலுங்கும் இத்தகைய அதிர்ச்சி சாதாரணப் படப்பிடிப்பிலே தென்படுவதில்லை. முறிந்த காலைக் கண்டு இரங்குவோர், முறியாத தலையைக் கண்டு ஐயுறுவர். தாங்கொணாத் தலைவலி, மறதி, மனச்சோர்வு ஆகியவை தொடர்ந்தன. ஆட்ட வாழ்வு அன்றோடு முடிந்தது. சிகிச்சைக்காகக் காப்புறுதி நிறுவனத்தோடு நெடுநாள் வாதாட நேர்ந்தது. கைப்பொருள் கரையவே, இரண்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களையும் 18,000 டொலருக்கு அடகு வைத்தார். ஒருகால் உயிரை மாய்க்கவும் எண்ணினார்; தாயின் நினைவே தடுத்தது.

வலியின் ஒரு பகுதி, கழுத்திலிருந்து பின்தலைக்கு ஏறும் நரம்புகள் சேதமுற்றமையால் வந்தது என்று பின்னரே தெளிவாயிற்று. 2013இற் செய்த சத்திரசிகிச்சை அவ்வலியைத் தணித்தது. அடகு வைத்த பதக்கங்களும் மீட்கப்பட்டன. 2017இல் அமெரிக்க தேசிய உதைபந்தாட்டப் புகழ் மன்றத்துக்குத் தெரிவானார். அம்மன்றத்திற் புகுந்த முதற் பெண் கோல் காப்பாளரும் முதற் கறுப்பினப் பெண்ணும் அவரே. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 2014 மார்ச்சில், அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்றின் முன்னே சாட்சியாக அமர்ந்தார். பிறர் கண்ணுக்குப் புலப்படாத அந்த ஓர் அடி தம் வாழ்வை எவ்வாறு குலைத்தது என்பதை உறுப்பினர்க்கு அங்கே விவரித்தார்.