எந்திரம் யார் கையில்?

(தோல் பொருள் தயாரிப்புக் குழு தொடங்கும் தோழர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

கவிதை எழுதுறவன், வங்கியில கிளார்க்கா இருக்கிறவன், தையல் எந்திரத்தைப் பத்தி என்ன பேசிடப் போறான்னு நீங்க நினைக்கலாம். கடன் மனுவோடு வருகிற கொட்டேஷன்கள் என் மேசை வழியாகத்தான் போகின்றன. அந்தக் காகிதத்தில் எந்திரத்தின் பெயர் இருக்கும், விலை இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தது யார் என்பது மட்டும் இருக்காது. பல நேரம் விற்கிறவரே தேர்ந்தெடுத்திருப்பார். துணி தைக்கிற எந்திரத்தைத் தோலுக்கு என்று தலையில் கட்டிவிடுவார். ஆறு மாசத்தில் எந்திரம் மூலையில் கிடக்கும். தவணை மட்டும் நிற்காது. அப்புறம் ‘இந்த ஆளுங்களுக்குக் கடன் கொடுத்தா இப்படித்தான்’ என்று ஒரு பேச்சு கிளம்பும். அதற்காகத்தான் பேச வந்தேன்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தோலை விட்டு வெளியே வரச் சொன்னவர் அம்பேத்கர், நீங்கள் திரும்பவும் தொடச் சொல்கிறீர்களே என்று. சரியான கேள்விதான். செத்த மாட்டை இழுக்கிற இழிவை விடச் சொல்லி அவர் போராடினார். வருமானம் போய்விடுமே என்று கரிசனம் காட்டிய சாதி இந்துக்களிடம், லாபம் என்றால் நீங்களே செய்யுங்களேன் என்று திருப்பிக் கேட்டார். 1956 அக்டோபரில் நாக்பூரில் பேசியபோதும் அதை நினைவுபடுத்தினார். 2016 ஜூலையில் குஜராத்தில் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த நம் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்குள்ள தலித்துகள் மாட்டுச் சடலங்களை அரசு அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்த மறுப்பில் நமக்கு இரண்டாம் பேச்சே இல்லை.

ஆனால் அதே தோல் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஏற்றுமதிச் சரக்காகிறது. சென்னை பெரியமேட்டில் கடை கடையாக விற்கிறது. அதற்காக அடையாறில் 1948 முதல் மத்திய ஆராய்ச்சி நிறுவனமே இயங்குகிறது. நம் கையில் இருந்தால் தீட்டு, முதலாளி கைக்குப் போனால் தொழில்! அங்கேயும் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு செருப்பின் மேல்பாகம் தைக்கிறவர்களில் நம் பெண்கள் இருக்கிறார்கள். பரம்பரைத் தொழில் என்று யாரும் இதைச் செய்ய வேண்டியதில்லை. உங்க பிள்ளையும் செய்யணும்னு அவசியமில்ல. விருப்பப்பட்டுச் செய்கிறவர் எந்திரத்துக்கு உடைமையாளராக, அதை அறிந்தவராக இருக்க வேண்டும். நான் சொல்வது அவ்வளவுதான்.

கமலை இறைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் ஒழுகாமல் மேலே வர, கனத்த தோலைச் சால் வாலாகத் தைத்துக் கொடுத்தவர்கள் கொங்குப் பகுதியில் அருந்ததிய மக்கள். தண்ணீர் கசியாத தையல், தோழர்களே. அது பொறியியல் இல்லையா? மின்மோட்டார் வந்ததும் அந்த வேலை போச்சு. எந்திரம் வந்தபோதெல்லாம் நம்மகிட்ட இருந்த வேலைய எடுத்துக்கிட்டுத்தான் போயிருக்கு. இந்த முறை அது நம்மிடம் வரட்டும். வருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு பண்ணுங்கள். பெல்ட், மாட்டு வார் போன்ற தட்டையான சரக்குக்கு மேசை மாதிரி அடிப்பாகம் உள்ள ஃப்ளாட் பெட் போதும். பை, உறை போல உருண்டு திரும்புகிற சரக்குக்குக் குழாய் மாதிரி நீண்ட சிலிண்டர் பெட் வேண்டும். பூட்சின் மேல்பாகத்துக்குக் கம்பம் மாதிரி நிமிர்ந்த போஸ்ட் பெட். மூன்றையும் ஒரே எந்திரம் செய்யும் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது, தோலை நகர்த்துகிற முறை. வீட்டுத் தையல் எந்திரத்தில் கீழே இருக்கிற பல் மட்டும்தான் துணியைத் தள்ளும். நாலு மடிப்புத் தோலை அப்படித் தள்ளினால் மேல் தோல் பின்தங்கும், தையல் கோணும். கீழ்ப்பல், ஊசி, மேலே உள்ள ஃபுட் மூன்றும் சேர்ந்து நகர வேண்டும். ‘வாக்கிங் ஃபுட்’, ‘காம்பவுண்ட் ஃபீட்’ என்று கேளுங்கள். அந்த வகை ஃப்ளாட் பெட் சுமார் எட்டு மில்லிமீட்டர் கனம் தைக்கும். அதற்கு மேல் சேணம், கனத்த வார் என்றால் ஜூகி 441 வகை சிலிண்டர் எந்திரம் வேண்டும், விலையும் ஏறும். சிங்கர் 29 வகை பேட்சர் இருக்கிறதே, ஃபுட் எந்தப் பக்கமும் சுற்றும், பழுது பார்க்க அருமையானது. ஆனால் பாபின் சின்னது. நாள் முழுக்கச் சரக்குத் தைக்க அதை நம்பாதீர்கள்.

மோட்டாரைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கிளட்ச் மோட்டார் சும்மா இருக்கும்போதும் நிமிஷத்துக்கு 1,400 சுற்றுக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் தின்னும். காலை லேசா வெச்சாலே பாயும். செர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும், ஒவ்வொரு தையலாக மெதுவாகவும் போகும். கனத்த தோலுக்கு வேகம் முக்கியமில்லை, மெதுவாகக் குத்துகிற பலம்தான் முக்கியம். புதிதாகக் கற்கிற பெண்களின் விரலுக்கும் அதுதான் பாதுகாப்பு.

துணியில் ஊசி போன ஓட்டை மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைக்க முடியாது. அதனால் ஊசியும் நூலும் பொருந்த வேண்டும். தோலுக்கென்று வெட்டுமுனை ஊசி கேளுங்கள். ஊசிப் பொட்டலத்தில் 140/22, 160/23 என்று இரண்டு எண் இருக்கும். 160 என்றால் ஊசியின் கனம் 1.6 மி.மீ. டெக்ஸ் 135 பாண்டட் நைலான் நூலுக்கு இந்த இரண்டில் ஒன்று சரிவரும். டெக்ஸ் 210-க்கு 180/24. வெயிலில் கிடக்கிற சரக்கு என்றால் நைலானைவிட பாலியஸ்டர் தாங்கும். பருத்தி நூல் வியர்வையிலும் ஈரத்திலும் மக்கும். தையல் நீளம் நாலு மில்லிமீட்டர் சுமார் வையுங்கள். நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைக்கிறோம். தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்துவிடும். மேல்நூலும் அடிநூலும் பின்னுகிற முடிச்சு தோலின் கனத்துக்கு நடுவே மறைய வேண்டும். முடிச்சு மேலே தெரிந்தால் மேல் டென்ஷனைத் தளர்த்துங்கள்.

இனி ரிவிட். பக்கிள் மடிப்பு, பிடி சேருகிற இடம், இழுவை விழுகிற இடம் இங்கெல்லாம் தையலை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு தொப்பி வைத்த குழாய் ரிவிட் வேகமாக அடிக்கலாம். கைப்பைக்குச் சரி. இழுவை தாங்க வேண்டிய வாருக்குச் செம்பு ரிவிட்தான். தண்டின் அளவுக்கே ஓட்டை போட்டு, ரிவிட்டை ஏற்றி, வாஷரை இறுக்கி, மிச்சத் தண்டைக் கொஞ்சம் விட்டு வெட்டி, உருண்டை முனைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றிச் சின்ன அடியாக அடித்துக் குமிழாக்க வேண்டும். ஓங்கி அடிச்சா தண்டு வளையும். கீழே கனத்த இரும்புப் பட்டடை இருக்கணும், மரப்பலகை கூடாது. ஒரே அளவில் நிறைய அடிக்க வேண்டும் என்றால் கைப்பிரஸ் வாங்குங்கள், ரிவிட் தலைக்குப் பொருந்துகிற அச்சோடு.

ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலில் வெறும் இரும்பு ரிவிட் அடிக்காதீர்கள். ஈரம் பட்டால் தோல் கறுத்துவிடும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல்தான். அந்த மையால் எழுத விடப்படாதவர்கள் தோலில் அதைப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தார்கள். செம்பு, பித்தளை போடுங்கள்.

ஒட்டுகிற சொல்யூஷனை மூடிய அறையில் வைத்து வேலை செய்யாதீர்கள். அந்த வாடை நரம்பைப் பாதிக்கும். ஜன்னல் இல்லாத இடத்தை வாடகைக்குப் பிடிக்காதீர்கள்.

கடைசியாகக் கடன் விஷயம். கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் தோலை, உங்கள் நூலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டு மடிப்பிலிருந்து நாலு மடிப்புக்கு ஏறி இறங்கித் தைக்கச் சொல்லுங்கள். தையல் நீளம் மாறக் கூடாது. அப்புறம் நீங்களே உட்கார்ந்து தையுங்கள். உட்கார விடாத கடையில் வாங்காதீர்கள். மாடல் எண், மோட்டார் வகை, மேசை, ஊசி வகை, பொருத்தும் செலவு, உத்தரவாதம் எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வங்கிப் பணம் நேராக விற்பனையாளருக்குப் போய்விடும். போன பிறகு பேச முடியாது. முதல் தவணை எந்த மாசம் என்று கேளுங்கள். வேலை பழக எடுக்கிற மாதங்களைக் கணக்கில் சேர்த்துக் கேளுங்கள். குறு, சிறு தொழிலுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. கேட்டால் எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லுங்கள். எழுத்தில் கொடுக்க மாட்டார்கள்.

எந்திரம் வந்ததும் குழுவில் இரண்டு பேராவது, அதில் ஒருவர் பெண்ணாக, அதைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ளுங்கள். மெக்கானிக் வருகிற வரைக்கும் காத்துக் கிடந்தால் எந்திரம் அவருடையதுதான். ஊசி ஏன் உடைந்தது, நூல் ஏன் அறுந்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். நமக்கு மறுக்கப்பட்டது எழுத்து மட்டுமில்லை, நம் கை அறிந்ததை அறிவு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும்தான். அந்த நோட்டு நாளைக்கு வருகிற குழுவுக்குப் பாடப்புத்தகம். எழுதுங்கள்.