ஒப்பனை அறைத் தமிழ்



"இளையரும் தமிழும்" என்று எனக்குப் பேசத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் இதே தலைப்புதான், பேசுகிறவர்தான் மாறுகிறார். நம் சிங்கப்பூரில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3.3 பேர், 2020இல் 2.5 பேர். கணக்கெடுப்பு இல்லாமலே இது நமக்குத் தெரியும். நாம் தமிழில் கேட்கிறோம், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது, அடுத்த வாக்கியத்தில் நாமும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். முதலில் தாவியது யார் என்ற வழக்கை இப்போது எடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் சண்டை வேண்டாம்.

இந்தத் தலைப்பை நான் நடனக் குழுக்களின் வழியாகப் பேசப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பிறகு, லாப நோக்கமில்லாத ஒரு சிறு குழுவின் ஒப்பனை அறையில் எடுபிடியாக இருக்கிறேன். ஆட வராது. ஊக்குக் குத்த வரும்.

இந்த ஊரில் இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு வயது குறைவில்லை. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இல் தொடங்கியது. கே.பி. பாஸ்கர் 1952இல் தம் நடனப் பள்ளியைத் தொடங்கினார். கொழும்பில் பிறந்து கலாக்ஷேத்திராவில் பயின்ற நீலா சத்தியலிங்கம், கணவரோடு சேர்ந்து 1977இல் அப்சராஸ் ஆர்ட்ஸை ஆரம்பித்தார். பெயர்களைச் சொன்னதும் தலையாட்டுகிறீர்கள். உங்களில் பாதிப் பேர் அங்கெல்லாம் தட்டடவு தட்டியவர்கள்தானே!

சாந்தா பாஸ்கர் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேரளத்துப் பெண். பாஸ்கரை மணந்து 1955இல் இங்கே வந்தவர். 1958இல், இருபது வயது நிரம்பும் முன்பே, ஒரு சீனக் கதையை எடுத்துப் பரதத்தில் நாட்டிய நாடகமாக்கினார். வண்ணத்துப்பூச்சிக் காதலர்கள் கதை. மூத்தவர்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சூ யிங்தாய் என்ற பெண் ஆண்வேடமிட்டுப் படிக்கப் போகிறாள். கூடப் படிக்கும் லியாங் ஷான்போ அவளை ஆண் என்றே நம்பிப் பழகுகிறான். உண்மை தெரிந்து பெண் கேட்டு வரும்போது அவளை வேறொருவனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். ஏக்கத்தில் அவன் செத்துப்போகிறான். அவளுடைய கல்யாண ஊர்வலம் அவன் கல்லறை வழியாகப் போகிறது. கல்லறை பிளக்கிறது, அவள் உள்ளே குதிக்கிறாள், இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் வெளியே பறக்கின்றன.

இந்தக் கதை பரதத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். ஒரே ஆட்டக்காரி ஒரு கணம் வெண்ணெய் திருடும் கண்ணனாகவும் மறுகணம் காதைத் திருகும் யசோதையாகவும் நிற்கிற கலை இது. ஊரார் முன் ஆண்நடையும் தனிமையில் பெண்நடையுமாக இருக்கும் யிங்தாயைக் காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்? வண்டுக்குப் பிரமரம் என்று ஒரு கைமுத்திரையே வைத்திருக்கிறோம். வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு கை கிடைக்காமலா போகும்!

காலத்தையும் பாருங்கள். சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைக்க இன்னும் ஓராண்டு இருந்தது. இன நல்லிணக்கம் என்று விண்ணப்பத்தில் எழுதினால் மானியம் கிடைக்கும் என்ற வித்தையெல்லாம் அப்போது கிடையாது. மானியம் தரும் தேசியக் கலைகள் மன்றம் வந்ததே 1991இல்தான். (ஓ, சிரிக்கிறவர்கள் எல்லோரும் விண்ணப்பம் எழுதியவர்கள் போலிருக்கிறது.) அக்கம்பக்கத்தில் கேட்ட கதை, கையில் இருந்த கலை, இரண்டையும் அந்தச் சின்னப் பெண் சேர்த்தார். 1990இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். பாஸ்கர் மாஸ்டர் 2013இல் போனார், அம்மா 2022இல் போனார். அவர்கள் 1991இல் லாப நோக்கமில்லாத சங்கமாக ஏற்படுத்திய நிருத்யாலயாவில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். சீனக் கதையை ஆடியதால் பரதம் தேய்ந்துபோகவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? எங்கள் குழுவில் ஒரு பையன், எம்ஆர்டி ரயில் கதவு மூடும் ஓசைக்கு ஒரு ஜதி கட்டிக்கொண்டு வந்தான். தாளம் தப்பவில்லை. கதவிடுக்கில் பை மாட்டிக்கொண்டவரை அவன் அபிநயித்தபோது நட்டுவாங்கம் செய்கிற அம்மா தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவனுடைய தாயாருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "இதெல்லாம் வேண்டாம் டீச்சர், அரங்கேற்றத்துக்கு வர்ணத்தை முடிச்சுக் குடுங்க, மண்டபம் பதிவு பண்ணியாச்சு." மண்டபத்துக்கு ஒரு வருடம் முன்னால் முந்திக்கொண்ட நாம், பிள்ளை தானாகச் சொல்ல வந்த ஒரே கதையை வேண்டாம் என்கிறோம்.

அடுத்த விஷயம் உங்களுக்குக் கொஞ்சம் சுடும். ஆண்டு நிகழ்ச்சிக்கு அரங்கம் நிறைகிறது. அலாரிப்பு ஆடும் சின்னப் பிள்ளைகள் இறங்கியதும் இடப்பக்கம் காலி. ஜதிஸ்வரம் முடிந்ததும் நடுப்பகுதி காலி. பதத்துக்கு வரும்போது, அதாவது தமிழ் வரிக்குத் தமிழ் முகம் பதில் சொல்லும் இடத்துக்கு வரும்போது, குருவின் உறவினர்களும் அவசர வழி காட்டும் ஊழியரும்தான் மிச்சம். தன் பிள்ளை ஆடியதைப் படம் பிடித்தாயிற்று, கிளம்பலாம் என்று போய்விடுகிறோம். பணம் கட்டினோம், ஆட்டம் கிடைத்தது, கணக்கு சரி.

இந்தக் குழுக்கள் கட்டணத்தால் மட்டும் நடப்பவை அல்ல. கொஞ்சம் மானியம், கொஞ்சம் நன்கொடை, கொஞ்சம் நுழைவுச்சீட்டு. மிச்சமெல்லாம் சம்பளம் வாங்காத கைகள். அந்தக் கைகள் இருக்கும் ஒப்பனை அறையில்தான் நான் தமிழைப் பார்க்கிறேன். ஏழரை மணி நிகழ்ச்சிக்கு இரண்டு மணிக்கே பாய் விரித்தாகிவிடும். ஒரு பாட்டி பேத்தியை முன்னால் உட்காரவைத்து, அவளுடைய குட்டைமுடியோடு சவுரியைச் சேர்த்துக் கறுப்பு நூலால் கட்டுகிறார். நூலின் ஒரு முனை பாட்டியின் பல்லில் இருக்கிறது.

"பாட்டி, வலிக்குது. மெல்ல."

"மெல்லக் கட்டினா மேடையில அவுந்து விழும்டி. தலையை ஆட்டாம உக்காரு."

"நான் ஆட்டலை. நீங்கதான் இழுக்கிறீங்க."

"உங்கம்மாவும் இப்படித்தான் வாயாடுவா."

அந்தப் பிள்ளையை வாய்மொழித் தேர்வில் நான் கேள்வி கேட்டிருந்தால் இரண்டு வரி வந்திருக்கும். அதுவும் மனப்பாடமாக. இங்கே சண்டை போடுகிறாள், சமாதானம் பேசுகிறாள், அடுத்த பிள்ளையின் கைகளுக்குச் சிவப்பு ஆல்த்தா வைத்துவிடுகிறாள், விசிறி மடிப்பில் ஊக்கு எங்கே குத்த வேண்டும் என்று எனக்கே பாடம் நடத்துகிறாள். எல்லாம் தமிழில். அவளைத் தமிழில் பேசு என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது பல இடங்களில் ஒப்பனைக் கலைஞர் வந்துவிடுகிறார். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், பெற்றோருக்கு உள்ளே வேலை இல்லை. குறை சொல்லவில்லை, வாரமெல்லாம் வேலைக்குப் போகிற தாய்க்குச் சனிக்கிழமை ஒன்றுதான் மூச்சுவிட நேரம். ஆனால் பாட்டியை எதற்கு வீட்டில் விட்டுவிட்டு வருகிறீர்கள்? தாத்தாவுக்குச் சலங்கை மணி கோக்கத் தெரியாதா? அப்பாக்களே, உடை இஸ்திரி போட எங்களுக்கு எப்போதும் ஆள் பற்றாது.

வெளியே மேசையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அடுத்த மாத நிகழ்ச்சிக்கு ஒப்பனை அறை, உடை, அறிவிப்பு என்று மூன்று பத்தி. அறிவிப்பு பத்தியில் இளையர் மட்டும் பெயர் எழுதுங்கள். நீங்களே எழுதி நீங்களே வாசிக்கலாம். தடுமாறினால் தடுமாறுங்கள், என் சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். பெற்றோரும் எழுதிக் கொடுக்க வேண்டாம். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும்.

செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார். அடுத்து மேடைக்கு வருவது அந்த எம்ஆர்டி பையன்தான். தாயார் அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார், வலப்பக்கம் மூன்றாம் வரிசையில் இருக்கிறார், யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். அவனுக்குப் பிறகு ஒரு பதமும் ஒரு தில்லானாவும் இருக்கின்றன. சாப்பாட்டுக்கூடத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. தில்லானா முடியாமல் கதவு திறக்காது.