வாசலுக்கு முன்பே நின்றுவிடும் பயணம்



"பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமில்லை, அதனால்தான் பல்கலைக்கழகம் போவதில்லை" என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதை நான் மறுக்கிறேன்.

தீபகற்ப மலேசியாவில் ஓராங் அஸ்லி மக்கள் 18 பிரிவினராக, 2 லட்சத்திற்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். பூர்வகுடி என்ற ஒரே காரணத்திற்காக எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக்கூடாது என்கிறது 1954-ஆம் ஆண்டின் சட்டம். பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் அவர்கள் பூமிபுத்ரா பிரிவில் வருகிறார்கள். அப்படியென்றால் தடை எங்கே?

6-ஆம் ஆண்டு முடிந்து படிவம் 1-க்குப் போகும்போதுதான் பல பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். இடைநிலைப்பள்ளி கம்பத்திற்கு வெகுதூரம். விடுதியில்தான் தங்க வேண்டும். வீட்டில் தெமியாரும் செமாயும் பேசி வளர்ந்த பிள்ளை, மலாயில் பாடம் கேட்க வேண்டும்.

2015-இல் குவா மூசாங் வட்டாரத்தில், தண்டனைக்குப் பயந்து பள்ளி விடுதியிலிருந்து 7 சிறுபிள்ளைகள் காட்டுக்குள் ஓடினார்கள். பல வாரங்களுக்குப் பிறகு இருவர் மட்டுமே உயிருடன் கிடைத்தார்கள். அதன்பின் ஒரு தாய் தன் பிள்ளையை விடுதிக்கு அனுப்பத் தயங்கினால், அதை அறியாமை என்று சொல்ல முடியுமா?

ஆரம்பப்பள்ளியிலேயே படிவம் 3 வரை நடத்தும் கே9 பள்ளிகள் வந்தது நல்ல ஏற்பாடு. ஆனால் படிவம் 4-இல் அதே பிரிவு மறுபடியும் வருகிறது. அதையும் தாண்டி எஸ்.பி.எம். முடித்தவருக்கு, இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டிய நிலை. பல கம்பங்களில் இணைய வசதியே சரியாக இல்லை. இடம் கிடைத்தாலும் பதிவு நாளுக்குப் போக வண்டிச் செலவுக்குக் கையில் காசு வேண்டும்.

முடியாத காரியமல்ல இது. செமாய் இனத்தவரான ஜூலி எடோ மலாயாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பித்தார். பிறகு 2019-இல் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையின் தலைமை இயக்குநரானார்.

மூன்று காரியங்கள் செய்யலாம். விண்ணப்பக் காலத்தில் அதிகாரிகள் கம்பத்திற்கே சென்று பதிவு செய்து தரட்டும். பயணப் பணம் பதிவு நாளுக்கு முன்பே கைக்கு வரட்டும். முதலாண்டு முழுவதும், அதே இனத்து மூத்த மாணவர் ஒருவர் துணையாக இருக்கட்டும்.

நமக்கு இது புரியாத கதையல்ல. தோட்டத்திலிருந்து முதன்முதலில் பல்கலைக்கழகம் போன நம் பிள்ளைக்கும் யாரோ ஓர் ஆசிரியர் பாரம் நிரப்பிக் கொடுத்தார். யாரோ பேருந்துக் காசு கொடுத்தார். அந்தக் கை இன்று அவர்களுக்கும் நீள வேண்டும்.