விதை கைவிட்டுப் போகலாமா?

கொல்லையிற் கத்தரி வைப்பவர் பலர். விதையைக் காப்பவர் சிலரே. கடையில் விற்கும் ஒட்டுவிதை முதல் விளைச்சலை மிகுத்துத் தரும். அதன் வழிவிதையோ தாயைப்போல் பிறவாது. ஆண்டுதோறும் அயலாரிடம் கையேந்த வேண்டியதுதான். நாட்டுவிதை அவ்வாறன்று.

ஆடியில் விதையுங்கள். நோயற்ற செடியில் நல்ல காய் இரண்டைப் பறிக்காது விடுங்கள். கத்தரி மஞ்சளாய்ப் பழுத்தபின் நீரிற் பிசைந்து, அடியில் தங்கும் விதைகளை நிழலில் உலர்த்துங்கள். அவரை நெற்று கொடியிலேயே காயட்டும். சுரையில் ஒருவகையே வளருங்கள். இருவகை இருப்பின் பூச்சிகள் பூந்துகளைக் கலந்துவிடும். உலர்ந்த விதையைச் சாம்பலிற் புரட்டி மட்கலத்தில் மூடி வையுங்கள்.

விதைக்கலம் வெறுமையானால், உழைப்பு வீட்டாரதாயினும் உரிமை பிறரதே. இவ்வாண்டு ஒரு கத்தரிக்காயையேனும் பழுக்க விடுங்கள்!